பீஸ் கட்டையும் கிட்கேட்டும்: விருத்தாசலம் பீங்கான் மின்பொருள்களின் பெயர்க்கதைகள்

ஆய்வுச்சுருக்கம்

மின்பொருள்களின் பெயர்களுக்குக் கூறப்படும் காரணக் கதைகளுள் பல, பெயர் வழக்கூன்றிய பின்னர்ப் புனையப்பட்டவை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களின் உற்பத்திப் பொருள்களுள் ஒன்றான உருகித் தாங்கி, பேச்சு வழக்கில் 'பீஸ் கட்டை' என்றும் வணிக வழக்கில் 'கிட்கேட்' என்றும் அழைக்கப்படுகிறது. இவ்விரு பெயர்களுக்கும் வழங்கும் விளக்கங்களைக் காலம், வடிவம், சொல்வழக்கு ஆகியவற்றால் இக்கட்டுரை சோதிக்கிறது. உலக அளவில் மின்னணு இணைப்பிகளின் பெயர்கள் பற்றிய கதைகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன. பொருள் புழக்கத்திலிருந்து மறையும் நிலையில் அதன் பெயர்ச்சான்றுகளை எங்குத் தேடுவது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மக்கள் சொற்பிறப்பு, காரணப்பெயர், உருகி, இணைப்பி, பீங்கான், விருத்தாசலம், தொழிற்சொற்கள்.

முன்னுரை

பெயர்களை இடுகுறி, காரணம் என வகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. நன்னூல் இவ்வகைப்பாட்டை எழுத்ததிகாரத்திலேயே முன்வைக்கிறது. அதற்கு நெடுங்காலம் முற்பட்ட தொல்காப்பியம், உரியியலில், ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதற்கான காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்குவதன்று என்று எச்சரிக்கிறது. காரணம் இல்லை என்று அந்நூற்பா கூறவில்லை. எளிதில் புலப்படாது என்றே கூறுகிறது. பெயர்க்காரணம் ஆராய்வோர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த நுட்பத்தைத்தான். ஊர்ப்பெயர் ஆய்வுகளில் இத்தவறு நன்கு அறியப்பட்டது. தொழிற்பொருள்களின் பெயர்களிலோ அது இன்னும் கண்டுகொள்ளப்படாமலேயே இருக்கிறது.

தொழிற்பொருள்களின் பெயர்கள் தமிழாய்வில் பெரிதும் கலைச்சொல்லாக்கச் சிக்கலாகவே அணுகப்பட்டுள்ளன. ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் எது என்ற வினாவே முன்னிற்கிறது. 'உருகி', 'மின்காப்பி', 'இணைப்பி' போன்ற நல்ல ஆக்கங்கள் அவ்வகையில் கிடைத்தன. ஆனால் தொழிலாளரும் கடைக்காரரும் மின்பணியாளரும் தமக்குள் எந்தப் பெயரை வழங்கினர், அப்பெயர் எவ்வழி வந்தது என்ற வினா உரிய கவனம் பெறவில்லை. அவ்விடைவெளியைக் கதைகள் நிரப்புகின்றன.

ஊரும் பெயரும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பெயர்க்காரண ஆய்விற்குத் தானே ஒரு பாடம். தேவாரத்தில் இவ்வூர் முதுகுன்றம். இறைவன் பழமலைநாதர். 'விருத்தாசலம்', 'விருத்தகிரி' என்பன அதே பொருளை வடமொழியில் தருபவை: விருத்தம் முதுமை, அசலம் அசையாதது, அதாவது மலை. இன்று ஊருக்குள் கண்ணுக்குப் புலப்படும் மலை ஏதுமில்லை. ஆகவே மலை எங்கே என்ற வினா எழுகிறது. ஏனைய மலைகளுக்கெல்லாம் முன் தோன்றிய மலை இது, மண்ணுள் அழுந்திவிட்டது என்ற விடை தலபுராண மரபில் கிடைக்கிறது. பெயரிலிருந்து கதை பிறந்ததா, கதையிலிருந்து பெயர் பிறந்ததா என்பதை வெறும் சொல்லாராய்ச்சியால் தீர்க்க இயலாது. எந்தப் பெயர் முந்தியது என்பதையோ பதிகங்களைக் கொண்டு உறுதியாகக் கூறலாம். மூவரும் பாடியது முதுகுன்றத்தை.

சுந்தரர் இங்குப் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது மற்றொரு மரபு. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பழமொழிக்கு இந்நிகழ்ச்சியே மூலம் எனக் கூறுவது வழக்கம். பழமொழியோ வீண் முயற்சியை எள்ளுவது. புராணத்தில் தேடல் வெற்றி பெறுகிறது. பொருள் எதிராக இருந்தும் இணைப்பு நிலைத்துவிட்டது. ஆறும் குளமும் இரண்டிலும் இருப்பதே அதற்குப் போதுமாயிற்று. பின்னர்க் காணவிருக்கும் சாக்லேட் கதையும் இவ்வகையைச் சார்ந்ததே.

இவ்வூர் பீங்கான் ஊரானதற்கு அண்மையிலுள்ள நெய்வேலி ஒரு காரணம். பழுப்பு நிலக்கரியின் மேலுள்ள மண்ணை அகற்றும்போது அங்குச் சீனக் களிமண்ணும் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அமைந்தன. பொம்மை, அகல்விளக்கு, கோப்பை, ஜாடி ஆகியவற்றோடு மின்துறைக்கான பீங்கான் பொருள்களும் இங்குள்ள சிறு கூடங்களில் உருவாகி வந்தன.

மூலப்பொருளின் பெயர்களும் பயணப்பட்டவையே. 'பீங்கான்' பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்த 'பிங்கான்' என்ற சொல்லின் வழி வந்தது. தமிழில் அது முதலில் கலத்தையும் பின்னர்க் கலம் செய்த பொருளையும் குறித்தது. இக்காலத்தில் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பொருளும் பீங்கானே. ஐரோப்பிய மொழிகளில் இதற்குரிய 'போர்சலின்' என்ற சொல் இத்தாலிய மொழியில் சோழியைக் குறித்த பெயர். பளபளப்பின் ஒப்புமையால் கலத்திற்கு ஏறியது. வெண்களிமண்ணுக்கான 'கயோலின்', சீனாவின் ஜிங்தெஜென் நகருக்கு அண்மையிலுள்ள காவ்லிங் என்ற ஊரின் பெயர். காவ்லிங் என்றால் உயர்ந்த குன்று. உயர்குன்றின் மண் முதுகுன்றத்தில் சூளை ஏறுகிறது என்று எழுத யாருக்கும் ஆவல் எழும். இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. இதிலிருந்து வரலாற்றுத் தொடர்பு எதையும் பெற முடியாது.

உருகித் தாங்கியின் அமைப்பு

பெயர்களை ஆராயுமுன் பொருளை அறிய வேண்டும். மின்சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது தான் உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பியே உருகி. வீடுகளில் நெடுங்காலம் இருந்த வகையில் இரண்டு பீங்கான் பகுதிகள் உண்டு. பலகையில் திருகாணியால் பொருத்தப்படுவது பேஸ். கையால் பிடித்துச் செருகவும் உருவவும் கூடியது கேரியர். இரண்டிலும் பித்தளைத் தொடுமுனைகள் உள்ளன. கேரியரின் இரு முனைகளுக்கிடையே ஈயம் பூசிய செப்புக் கம்பி கட்டப்படுகிறது. கம்பி உருகும் கணத்தில் எழும் மின்பொறியின் வெப்பத்தைத் தாங்கவும் மின்சாரம் கைக்கு வராமல் தடுக்கவும் பீங்கான் தேவைப்பட்டது. கேரியர் பேஸில் செருகப்படும் வகையில் இது ஓர் இணைப்பியும் ஆகும்: செருகு, பற்று, உருவு என்ற மூன்று செயல்களும் இதில் உள்ளன. இந்தியத் தரநிலை 2086 இவ்வகை உருகிகளின் பேஸுக்கும் கேரியருக்கும் உரியது. அத்தரநிலையில் 'பேஸ்', 'கேரியர்' என்ற இரண்டுமே பொருளின் பணியை நேரே சொல்லும் பெயர்கள். கடையில் அவை 16, 32, 63, 100 ஆம்பியர் என்ற அளவால் கேட்கப்படுகின்றன.

சந்தையில் நிலைத்த பெயர்களோ வேறு.

'பீஸ் கட்டை'

ஆங்கில 'பியூஸ்' தமிழ்ப் பேச்சில் 'பீஸ்' ஆயிற்று. கட்டணத்தைக் குறிக்கும் 'பீஸ்', துண்டைக் குறிக்கும் 'பீஸ்' ஆகிய வேறு இரண்டு கடன்சொற்களோடும் அது ஒலியால் ஒன்றிவிட்டது. பீஸ் கட்டாதவர் வீட்டுப் பீஸைப் பிடுங்குவார்கள் என்று சொன்னால் தமிழ்நாட்டில் எவருக்கும் விளங்கும். மின்கட்டணம் செலுத்தாத இணைப்பின் கேரியரை ஊழியர் உருவிச் சென்ற நடைமுறையே 'பீஸைப் பிடுங்குதல்' என்ற தொடருக்கு அடிப்படை. இங்கே காரணம் செயலில் இருக்கிறது, புனைவு தேவைப்படவில்லை. 'பியூஸ் போன பல்பு' என்பதில் பொருள் பெயர்ந்துள்ளது. விளக்கில் அறுவது இழை. உருகி வேறிடத்தில் உள்ளது. அறுந்த கம்பி என்ற பொதுமையால் ஒன்றின் பெயர் மற்றொன்றிற்கு ஏறிற்று. அங்கிருந்து அதிகாரம் இழந்த மனிதரைக் குறிக்கவும் அத்தொடர் வளர்ந்தது. மின்தடை நீக்கும் அலுவலகம் 'பியூஸ் ஆப் கால்' என்று அறியப்பட்டதும் இங்கு எண்ணத்தக்கது. அதன் நடுச்சொல் ஆங்கிலத்தில் 'உடைய' என்ற பொருள் தருவதா, 'அணைந்த' என்ற பொருள் தருவதா என்பதில் எழுதுவோரிடையே ஒருமை இல்லை. பெயரின் உள்ளமைப்பு விளங்காவிடினும் வழக்கு தடைப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

'கட்டை' என்ற கூறே கதைக்கு இடம் தருவது. கட்டை என்றால் மரம். ஆகவே முற்காலத்தில் உருகி மரத்தால் ஆனதாக இருந்திருக்க வேண்டும் என்ற விளக்கம் இயல்பாக எழுகிறது. இதில் பாதி உண்மை உண்டு. பழைய வீட்டு மின்னமைப்பில் மரம் மிகுதி: கம்பிகள் ஓடிய 'கேசிங் கேப்பிங்' மரம், ஸ்விட்சுகள் அமர்ந்த பலகை மரம், விளக்குத் தாங்கிகளின் அடியில் வைத்த வட்டத் துண்டும் மரம். உருகி அமைந்த பலகையும் மரமாக இருந்தது. எனினும் உருகியைத் தாங்கும் பகுதி மரத்தால் ஆனது என்று கொள்ள இவை போதா. தீப்பொறி எழும் இடத்திற்கு எரியாத பொருளே வேண்டும்; பீங்கானின் வரவுக்குக் காரணமே அதுதான்.

விடை தமிழ்ச் சொல்வழக்கிலேயே இருக்கிறது. டார்ச் விளக்கின் மின்கலம் 'கட்டை'. இரண்டு கட்டை டார்ச், மூன்று கட்டை டார்ச் என்று எண்ணிச் சொல்வது பரவலான வழக்கு. அக்கலத்தின் உறை துத்தநாகம். மரம் அதில் எங்கும் இல்லை. இசையில் சுருதியை 'ஐந்தரைக் கட்டை' என்பது ஆர்மோனியத்தின் விரற்கட்டையிலிருந்து வந்தது. ஒலியின் உயரத்திற்கே அது பெயராகிவிட்டது. குள்ளமும் பருமனும் ஒருங்கே உள்ள ஆளைக் 'கட்டை' என்பதும் உண்டு. இவ்வழக்குகளை ஒருங்கே நோக்கினால், கட்டை என்பது மரம் என்ற பொருளினின்று விலகி, 'கையில் அடங்கும், குறுகிய, தடித்த, திண்மையான துண்டு' என்ற வடிவப் பொருளைப் பெற்றது தெளிவாகும். பீங்கான் கேரியருக்கு இவ்வடிவப் பொருள் முழுதும் பொருந்துகிறது. எனவே 'பீஸ் கட்டை' வடிவ ஒப்புமையால் அமைந்த தமிழாக்கம். அதில் கடன்சொல் பணியைச் சொல்கிறது. தமிழ்ச்சொல் உருவத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தவர் கலைச்சொற்குழுவினர் அல்லர். 'உருகித் தாங்கி' என்ற எழுத்து வழக்கு ஆக்கம் பணியை மட்டுமே சொல்வதால், கையில் எடுத்தவருக்குத் தெரியும் பொருளை அது காட்டுவதில்லை.

'கிட்கேட்'

இதே பொருளுக்கு வணிகத்திலும் பொறியியல் பாடநூல்களிலும் 'கிட்-கேட் வகை' என்ற பெயர் வழங்குகிறது. தமிழில் கிட்கேட், கிட்காட், கிட்கட் எனப் பலவாறு எழுதப்படுகிறது. இந்தப் பலவடிவமே மூன்று விளக்கங்களுக்கும் வாயில் திறக்கிறது.

முதலாவதும் மிகப் பரவியதும் சாக்லேட் விளக்கம்: உருகி அதே பெயருடைய சாக்லேட்டைப் போல இருப்பதால் அப்பெயர் பெற்றது என்பது. காலத்தால் இதனைச் சோதிக்கலாம். இங்கிலாந்தின் ரவுண்ட்ரீ நிறுவனம் 'கிட் கேட்' என்ற பெயரை 1911-இலேயே வணிகக்குறியாகப் பதிந்தது. விரல் வடிவ மெல்லப்பச் சாக்லேட் 1935-இல் 'சாக்லேட் கிரிஸ்ப்' என்ற பெயரில் வெளிவந்து, 1937-இல்தான் கிட் கேட் ஆயிற்று. அதாவது அந்தச் சாக்லேட்டுக்கே அப்பெயர் வடிவத்தால் வந்ததன்று. அதற்கும் முன், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் கிட்-கேட் மன்றம் என்ற அரசியல், இலக்கியக் குழு இருந்தது. கிறிஸ்டபர் என்ற உணவு வணிகரின் பெயர்ச்சுருக்கமான 'கிட்' அதில் உள்ளது என்பர். அம்மன்றத்தாரை காட்பிரே நெல்லர் வரைந்த ஓவியங்களின் அளவே பின்னர் ஓவிய உலகில் கிட்-கேட் என ஒரு பொதுப்பெயர் ஆனது. ஒரு மனிதர், அவர் விற்ற பண்டம், ஒரு மன்றம், ஓர் ஓவிய அளவு, ஒரு தின்பண்டம் என இச்சொல் ஏறிய பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை.

இந்தியச் சூழலில் சாக்லேட் விளக்கம் மேலும் வலுவிழக்கிறது. நெஸ்லே நிறுவனம் ரவுண்ட்ரீயை 1988-இல் வாங்கியது; இந்தியக் கடைகளில் இச்சாக்லேட் பரவியது 1990-களில். அதற்கு முன்னரே இந்நாட்டு மின்பணியாளரிடையே கிட்கேட் உருகி பழகிய சொல். சாக்லேட்டைக் கண்டிராத ஒருவர் அதன் உருவத்தை ஒப்பிட்டுப் பெயரிட்டிருக்க இயலாது. வடிவச் சோதனையும் இதற்கு எதிராகவே உள்ளது. சாக்லேட்டின் அடையாளம் இணையாக நிற்கும் விரல்கள்; உருகியோ ஒற்றைத் திண்மம்.

இவ்விளக்கம் ஏன் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது என்பதற்கு இங்கிலாந்தில் வழங்கும் மற்றொரு பெயர் ஒளி தருகிறது. கம்பிகளைத் திருகாணியால் இணைக்கும் வரிசை இணைப்பிக்கு அங்குச் 'சாக்லேட் பிளாக்' என்று பெயர். வரிசையாக அமைந்த அதன் துண்டுகளைத் தேவைக்கேற்ப வெட்டிப் பிரிக்கலாம்; சாக்லேட் பாளத்தை உடைப்பது போன்ற செயல். இங்குப் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெளிப்படை. வெப்பம் மிகும் இடங்களில் இவ்வகை இணைப்பி பீங்கானாலும் செய்யப்படுகிறது. ஆக, மின்னிணைப்பிகளின் உலகில் மெய்யான சாக்லேட் பெயர் ஒன்று இருக்கவே செய்கிறது. உருகியின் பெயரோ தற்செயலாக ஒரு சாக்லேட்டின் பெயரோடு ஒன்றியது. அடுத்தடுத்த பொருள்களில் ஒன்றுக்குப் பொருந்தும் காரணம் மற்றொன்றிற்கும் ஏற்றப்படுவது மக்கள் சொற்பிறப்பின் இயல்பு.

இரண்டாவது, ஒலிக்குறிப்பு விளக்கம். கேரியரைப் பேஸில் அழுத்தும்போது எழும் ஓசையே பெயர் என்பது. தமிழர் செவிக்கு இது இனிது. கடகட, படபட என்ற இரட்டைக்கிளவிகளுக்குப் பழகிய மொழியில் 'கிட்-கட்' இயல்பாக அமர்கிறது. ஆனால் அத்தகைய ஒலிக்குறிப்பு இதே செருகு அமைப்புடைய பிற பொருள்களுக்கு ஏன் ஏறவில்லை என்பதற்கு விடையில்லை. மூன்றாவது, இறுதிக் கூற்றை ஆங்கிலத்தில் 'வெட்டு' என்ற பொருள் தரும் சொல்லாகக் கொள்வது. மின்னோட்டத்தை வெட்டுவதால் 'கட்' என்பது கேட்பதற்குப் பொருத்தமே. உருகிக்குக் 'கட்-அவுட்' என்ற பழைய பெயர் உண்மையாகவே உண்டு. தெருவில் நின்ற நடிகரின் உருவப்பலகைக்கும் அதுவே பெயரானது தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு. எனினும் 'கட்' என விளக்கினால் 'கிட்' எஞ்சி நிற்கிறது. ஒரு பெயரின் பாதியை மட்டும் விளக்கும் காரணத்தை ஏற்பதற்கில்லை.

இம்மூன்றும் நீங்கிய பின் நிற்பது ஒன்றே: இந்திய மொழி எதிலும் பொருள் தராத, ஆங்கிலத்தில் பெயராக முன்னரே பழகிய ஓர் இரட்டைச்சொல், பொருளோடு சேர்ந்தே இங்கு வந்து பொதுப்பெயர் ஆயிற்று. நன்னூலார் நோக்கில் இது தமிழுக்கு இடுகுறி. காரணம் வேண்டும் என்ற வற்புறுத்தலே மூன்று கதைகளையும் ஈன்றது.

பிற இணைப்பிகளின் பெயர்க்கதைகள்

விருத்தாசலத்தில் காணும் இந்நிலை மின்னணுவியல் முழுதும் விரவியுள்ளது. தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றின் வடங்களில் உள்ள பி.என்.சி. இணைப்பி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அம்மூன்றெழுத்திற்குப் 'பிரிட்டிஷ் கடற்படை இணைப்பி' என்றும், 'குழந்தை என் இணைப்பி' என்றும், 'பயோனெட் நட் இணைப்பி' என்றும் விரிவுகள் வழங்குகின்றன. உண்மையில் முதலெழுத்து, செருகித் திருப்பிப் பூட்டும் பயோனெட் அமைப்பையும், ஏனைய இரண்டும் பெல் ஆய்வகத்தின் பால் நீல், ஆம்பெனால் நிறுவனத்தின் கார்ல் கான்செல்மன் ஆகியோர் பெயர்களையும் குறிப்பன. அவ்விருவரும் முறையே 'என்', 'சி' என்னும் முந்திய இணைப்பிகளோடு தொடர்புடையவர்கள். அவ்வமைப்பிற்கான காப்புரிமையைப் பெற்றவரோ ஹேசல்டைன் நிறுவனத்தின் ஆக்டேவியோ சலாட்டி. ஆக்கியவர் பெயர் எழுத்துகளில் இல்லை. எழுத்துகளில் உள்ளவர்களை மக்கள் மறந்தனர். மறந்த இடத்தில் ஒரு கடற்படை வந்து சேர்ந்தது.

கணினியின் பின்புறம் முன்னர் இருந்த ஒன்பது முனை இணைப்பி 'டி.பி.9' என்று பலராலும் அழைக்கப்பட்டது. கேனன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட இவ்வரிசையில் இரண்டாம் எழுத்து கூட்டின் அளவைக் காட்டுவது. 'பி' அளவு 25 முனைகளுக்குரியது. ஒன்பது முனைக்கு உரியது 'இ'. இருபத்தைந்து முனை இணைப்பி முதலில் பழக்கமானதால் அதன் எழுத்தே வரிசை முழுமைக்கும் பெயராகிவிட்டது. பியூஸ் பல்புக்கு ஏறியது போன்ற பெயர்வே இதுவும். அதே கேனன் நிறுவனத்தின் பெயர் தமிழ்நாட்டு மைக்செட் தொழிலில் ஒலிவாங்கி வடத்தின் மூன்று முனை இணைப்பிக்குரிய பெயராக இன்றும் வாழ்கிறது. ஜப்பானியக் கேமரா நிறுவனத்தின் பெயரோடு ஒலி ஒத்திருப்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கதைக்கு இங்கும் இடமுண்டு. ஒலித்துறையின் 'ஜாக்' தொலைபேசி இணைப்பகங்களில் பிறந்தது. 1870-களின் இறுதியில் சார்லஸ் ஸ்கிரிப்னர் அமைத்த ஸ்விட்ச் மடக்குக்கத்தியை ஒத்திருந்ததால், ஆங்கிலத்தில் அக்கத்திக்குரிய பெயரின் முற்பகுதி இதற்கு வந்தது. இங்கு வடிவ விளக்கம் மெய்யாகவே சரியானது. ஆகவே வடிவ விளக்கங்களையெல்லாம் ஒதுக்குவதும் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

சான்றுகளின் இருப்பிடம்

உருகி அறுந்தால் கம்பி மாற்றிக் கட்டும் வழக்கம் குறைந்து வருகிறது. புதிய வீடுகளில் தானே துண்டிக்கும் எம்.சி.பி. அமைகிறது; 'பீஸ் போச்சு' என்ற இடத்தில் 'டிரிப் ஆயிடுச்சு' வந்துவிட்டது. பீங்கான் கேரியருக்கு உரிய சந்தை சுருங்கும்போது அதனைச் செய்த கூடங்களின் அச்சுகளும் பழைய இரும்பாகப் போகின்றன. தொழில் நலிவு பற்றிய செய்திகள் வெளிவருகின்றன. சொற்களின் இழப்பு அவற்றில் இடம்பெறுவதில்லை. பொருளைத் தொட்டறியாத தலைமுறைக்குப் பெயரும் சாக்லேட் கதையும் மட்டுமே எஞ்சும். ஆய்வேடு ஒன்றில் அக்கதை ஒருமுறை இடம்பெற்றுவிட்டால், அடுத்த ஆய்வேட்டிற்கு அது மேற்கோள்.

இதற்கு மாற்றான சான்றுகள் கிடைக்கும் இடம் ஓலையோ கல்வெட்டோ அன்று. ஈரமண் அச்சில் அழுத்தப்படும்போதே நிறுவனக் குறியும் ஆம்பியர் அளவும் பீங்கானில் பதிகின்றன. சூளையில் ஏறத்தாழ 1,250 முதல் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெந்தபின் அவ்வெழுத்து அழிவதில்லை. தமிழகக் கடற்கரையில் பெரியபட்டினம் முதலிய இடங்களில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளைக் கொண்டு இடைக்கால வணிகத்தை நொபொரு கராஷிமா உள்ளிட்ட அறிஞர்கள் ஆராய்ந்தனர். விருத்தாசலத் தொழிற்கூடங்களின் கழிவுக் குவியல்களும் அத்தகைய ஓட்டுச் சான்றுகளே. அவற்றில் எழுத்தும் உண்டு. அச்சு வெட்டுவோரின் குறிப்பேடு, கடைகளின் பழைய விலைப்பட்டியல், தரநிலை ஆவணத்தின் அடுத்தடுத்த பதிப்புகள், தொழிற்பயிற்சி நிலையங்களின் தமிழ்ப் பாடநூல்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் வைத்தால், 'கிட்கேட்' எந்த ஆண்டில் எந்த எழுத்து வடிவில் தமிழில் நுழைந்தது என்பதைக் கணிக்கலாம். நேர்காணலில் பெயர்க்காரணத்தைக் கேட்பதைவிடப் பொருளைக் கையில் கொடுத்து 'இதற்கு என்ன பெயர்' என்று கேட்பதே பயன் தரும். காரணம் கேட்டால் கதை வரும். பெயர் கேட்டால் வழக்கு வரும். கதையும் பதிவு செய்யத்தக்கதே. ஆனால் அதன் இடம் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில்.

அகராதிப் பதிவிலும் இவ்வேறுபாட்டைக் காக்க இயலும். 'பீஸ் கட்டை' என்ற தலைச்சொல்லின்கீழ்ப் பொருள் விளக்கத்தோடு, முதற்கூறு ஆங்கிலக் கடன் என்பதும், 'கட்டை' வடிவப் பொருளில் வந்தது என்பதும், ஒப்பீட்டிற்கு டார்ச் கட்டை, ஆர்மோனியக் கட்டை என்பனவும் தரப்பட வேண்டும். 'கிட்கேட்' தனித் தலைச்சொல்லாக நிற்க வேண்டும். அதன் வேற்று வடிவங்கள் மூன்றும் உடன் காட்டப்பட வேண்டும். 'வணிக வழக்கு, இடுகுறி' என்ற குறிப்பு அதற்குப் போதும். சாக்லேட்டின் பெயர் அப்பதிவில் வருமாயின் 'மக்கள் சொற்பிறப்பு' என்ற குறியீட்டோடு இறுதியில் வரலாம்.